ஒன்பது டன் என்று எழுதியது என் கை

1. கெட்டிக்காரி

புதிதாக லாரி வாங்கிய பிள்ளைகள் இப்போதும் எனக்குப் போன் செய்கிறார்கள். "அக்கா, இந்தப் புரோக்கர் எப்படிங்க? நம்பி வண்டி குடுக்கலாங்களா?" குன்னூர் லாரி ஆபீஸில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள், குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நம்பி ஒரு டிரைவர் மலை இறங்கினார். மேட்டுப்பாளையம் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகும் எனக்கு அந்தப் பெயர் மட்டும் கெடாமல் இருக்கிறது என்பதுதான் ஆறாத எரிச்சல். அதனால் ஆளாளுக்குப் போனில் சொல்வதை விட்டு இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அன்னூர். கல்யாணம் ஆகி மலைக்கு வந்தேன். முதலாளிக்கு ஆறு லாரிகள், எல்லாமே ஆறு சக்கரம். எஸ்டேட்காரர்கள் எங்களை நேரடியாகக் கூப்பிட மாட்டார்கள். நடுவில் புரோக்கர்தான். என்ன சரக்கு, எவ்வளவு எடை, எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது, நாலுக்கும் அவன் வாய்வார்த்தைதான் ஆதாரம். அதை வைத்து நான் எல்.ஆர். எழுதுவேன். எல்.ஆர். என்றால் லாரி ரசீது. சரக்கோடு கூடவே போகும் காகிதம்.

முதல் நாள் முதலாளி எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. "மூணே கேள்விதானுங்க அம்மிணி. கூப்பிட்டா ஒடனே போனை எடுக்கறானா? சொன்ன தேதிக்கு வாடகை வருதா? தகராறு இல்லாமப் பேசறானா? மூணும் சரின்னா ஆளு சரி. கண்ணை மூடிட்டு வண்டி அனுப்பலாம்."

நானும் கண்ணை மூடித்தான் அனுப்பினேன். அது ஒரு பேச்சுக்குச் சொன்னது என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான்.

2. இரண்டு புரோக்கர்கள்

தேவராஜ் மேட்டுப்பாளையத்துக்காரர். முதலாளியின் மூன்று கேள்விக்கும் நூற்றுக்கு நூறு வாங்கியவர். முதல் ரிங்கில் போனை எடுப்பார். வண்டி இறக்கி முடிப்பதற்குள் வாடகை வந்துவிடும். பொங்கலுக்கு ஆபீஸுக்குக் கரும்புக் கட்டு அனுப்புவார். என் மகளின் பரீட்சை மார்க் கூட அவருக்குத் தெரியும். இப்படி ஒரு ஆள் கிடைத்தால் எந்த லாரிக்காரன் விடுவான்?

இன்னொருவர் கூடலூர் மொய்து. அவரை நினைத்தாலே எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தலைவலி. நாலு முறை கூப்பிட்டால் ஒரு முறை எடுப்பார், அதுவும் எங்கேயோ காட்டுக்குள் நின்றுகொண்டு கத்துவார். வாடகை கேட்டால் சண்டை. வண்டி கேட்டுவிட்டு, ஏற்றும் நாளன்று வேண்டாம் என்பார்.

ஒரு மழைநாளில் அப்படித்தான் செய்தார். வண்டி பாதி தூரம் போன பிறகு போன் வந்தது. "சேச்சி, வண்டியைத் திருப்பிக்கோங்க. மரம் நனஞ்சு கெடக்குது. ஞான் நேர்ல நோக்கிட்டுதான் சொல்றேன். உங்க வண்டி இதைத் தாங்காது."

"இதை நேத்தே சொல்றதுக்கென்னங்க? டீசல் காசு யாரு குடுப்பாங்க?"

"நேத்து நனையலையே சேச்சி. இன்னிக்குதானே வந்து தொட்டுப் பார்த்தேன்."

டீசல் காசையும் அவர் தரவில்லை. அவர் பெயருக்கு எதிரே நான் போட்டு வைத்திருந்த குறி இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பெருக்கல் குறி. தேவராஜுக்குச் சரிக் குறி. ஏற்றும் இடத்துக்கே போய் மரத்தைத் தொட்டுப் பார்க்கிற புரோக்கர் அந்த மலையில் அவர் ஒருவர்தான் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

3. எடை எழுதும் முறை

வெளியாட்களுக்கு இது விநோதமாகப் படும், அதனால் சொல்லிவிடுகிறேன். எங்கள் வண்டிகள் ஏறும் எடைமேடை மலைக்குக் கீழே மேட்டுப்பாளையத்தில் இருந்தது. குந்தா பக்கம், மஞ்சூர் பக்கம் எஸ்டேட்டில் ஏற்றும்போது எடை போட வழியில்லை. அதனால் புரோக்கர் போனில் சொல்லும் எடையை எல்.ஆரில் எழுதி, வண்டி காலியாகக் கிளம்பும்போதே டிரைவர் கையில் கொடுத்துவிடுவோம். அதாவது சரக்கு ஏறுவதற்கு முன்பே அதன் எடை எழுதப்பட்டிருக்கும். மலை முழுக்க அப்படித்தான் நடந்தது. நான் மட்டும் புத்திசாலியாக இருந்திருக்க முடியாதா என்று கேட்டால், இருந்திருக்கலாம்.

தேயிலைத் தூள் மூட்டை என்றால் எண்ணிப் பார்த்து எடை சொல்லிவிடலாம். மரம் அப்படியில்லை. தேயிலைக்கு நிழலுக்காக வைக்கும் சில்வர் ஓக் மரத்தை வெட்டி, காய்ந்த பிறகு ஏற்றினால் ஒரு எடை. வெட்டிய வாரமே மழையில் நனைந்து ஏறினால் வேறு எடை. மரத்தைக் கொண்டுபோகும் பர்மிட்டில் கன மீட்டர்தான் இருக்கும், டன் இருக்காது. பார்க்க ஒரே உயரம்தான், தார்ப்பாய் போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் பட்டைக்கும் பிரேக்குக்கும்தான் தெரியும். பட்டை என்பது லாரிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் தகடு. பாரம் கூடினால் வளைவு போய் நேராகிவிடும்.

4. பத்தேகால் மணி

செல்லமுத்து அண்ணன் காரமடைக்காரர். பதினெட்டு வருடமாக எங்களிடம் டிரைவர். மலை இறங்கும்போது பேசக்கூட மாட்டார். எந்த கியரில் ஏறுகிறாயோ அதே கியரில் இறங்கு என்பதுதான் அவர் கட்சி. கிளீனர் சம்பளத்தை மிச்சம் பிடிக்க முதலாளி ஆளை நிறுத்திய பிறகு தனியாகத்தான் ஓட்டினார்.

அது ஆடி மாதம். நாலு நாளாக விடாத மழை. தேவராஜ் மஞ்சூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் சில்வர் ஓக் லோடு கொடுத்தார். "ஒம்பது டன்னுங்க அக்கா. காஞ்ச மரம். போன மாசமே வெட்டுனது." ஒன்பது டன் என்று எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு செல்லமுத்து அண்ணன் போன் செய்தார். லோடு ஏற்றி, குன்னூர் வந்து, ஊருக்குக் கீழே மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டியை ஓரம்கட்டியிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, லோடு எத்தனைன்னு சொன்னாங்க?"

"ஒம்பதுங்கண்ணா. ஏனுங்க?"

"ஒம்பது மாதிரி தெரியலீங்க. பட்டை படுத்துக் கெடக்குது. வர்ற வழியிலயே வண்டி தள்ளுது. ஏத்தற எடத்துல கேட்டேன், மழை ஈரம்தான்னு சொல்லிட்டாங்க. நான் எஸ்டேட் ஆபீஸுக்குள்ள போயிட்டு வர்றதுக்குள்ள தார்ப்பாயும் கட்டிட்டாங்க."

"ஒரு நிமிசம் இருங்க, கேட்டுச் சொல்றேன்."

தேவராஜ் முதல் ரிங்கில் எடுத்தார். "அக்கா, இத்தனை வருசத்துல நான் உங்ககிட்டப் பொய் சொல்லியிருக்கனுங்களா? ஒம்பதுதான். ஈரத்துக்கு அரை டன் கூடியிருக்கும், அவ்வளவுதான். மில்லுல வண்டிக்குக் காத்துட்டு இருக்காங்க."

எங்கள் ஆபீஸிலிருந்து அந்த வண்டி நின்ற இடத்துக்கு நடந்தால் பத்து நிமிடம். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்ப் பார்த்திருந்தால் பட்டை படுத்திருப்பது எனக்கும் தெரிந்திருக்கும். நான் போகவில்லை. மழை. மேஜையில் இன்னும் இரண்டு லோடு வேலை. எல்லாவற்றுக்கும் மேலே தேவராஜுக்குச் சரிக் குறி.

செல்லமுத்து அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டேன். "தேவராஜ் சொன்னா சரியாத்தான் இருக்குங்கண்ணா. மெதுவா எறங்குங்க."

 "சரிங்க அம்மிணி, நீங்க சொன்னாச் சரி" என்றார்.

பர்லியாருக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் லாரி மரத்தை ரோட்டில் சிதறவிட்டு, சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. பதினொன்றரைக்குச் செய்தி வந்தது. செல்லமுத்து அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கொண்டு போக வேண்டிய தேவை இருக்கவில்லை.

5. தேவராஜ் வந்தார்

எங்கள் முதலாளி வருவதற்கு முன்பே தேவராஜ் அங்கே வந்து நின்றார். ஆம்புலன்ஸுக்கு அவர்தான் ஏற்பாடு செய்தார். மாலை வாங்கினார். செல்லமுத்து அண்ணன் சம்சாரம் மல்லிகாவின் காலடியில் உட்கார்ந்து அழுதார். பார்த்தவர்கள் எல்லாம் புரோக்கர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவளுக்கு அன்றைக்கும் புத்தி வரவில்லை.

ரோட்டை மறித்துக் கிடந்த மரத்தை அவரே ஆள் வைத்து எடுத்தார். பஸ் போக வேண்டும் என்று போலீஸும் அவசரப்படுத்தியது. மூன்று மணிக்குள் ஒரு துண்டு மரம் மிச்சமில்லை. பள்ளத்தில் வண்டி மட்டும் கிடந்தது.

அதன் பிறகு கேஸ் எழுதினார்கள். பாரம் எவ்வளவு என்று பார்க்க அவர்களிடம் இருந்தது ஒரே காகிதம், கேபினுக்குள் கிடந்த எல்.ஆர். அதில் என் கையெழுத்தில் ஒன்பது டன். அந்த லாரிக்கு அது அளவான பாரம். ஆகவே பாரத்தில் குற்றமில்லை. கியர் நியூட்ரலில் இருந்தது. ஆகவே டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கி, வேகமாக வந்து, வண்டியைக் கவிழ்த்தார் என்று எழுதிவிட்டார்கள்.

மலையில் ஓட்டிய எவனைக் கேட்டாலும் சொல்வான். பாரம் தாங்காமல் பிரேக் டிரம் சூடேறிக் கைவிட்டால் டிரைவர் கியரைக் குறைக்கப் பார்ப்பான். அந்த வேகத்தில் கியர் விழாது. எடுத்த கியர் போய், போட்ட கியர் விழாமல், நடுவில் நியூட்ரலில் நின்றுபோகும். அவர் கடைசி வரை வண்டியை நிறுத்தப் போராடியதற்கு அடையாளம் அது. அதையே குற்றமாக எழுதிவிட்டார்கள். அதற்கு நான் காகிதம் கொடுத்திருக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, அவரு நியூட்ரல்ல வந்தாருன்னு எழுதியிருக்காங்களாமா. ஊருக்குள்ள குடிச்சுட்டு ஓட்டுனாருன்னு பேசறாங்க. வண்டி எறக்கையில அவரு பீடி கூடப் பத்த வைக்க மாட்டாருங்களே" என்றார். பத்தேகால் போனைப் பற்றி அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. "பாக்கலாங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

6. பெருக்கல் குறிக்காரர்

அடுத்த வாரம் மொய்து ஆபீஸுக்கே வந்தார். அவர் எங்கள் படி ஏறியது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கோபத்தில் இருந்தார்.

"அந்த மரம் முதல்ல என்கிட்டதான் வந்தது சேச்சி. ஞான் எஸ்டேட்டுக்குப் போய் நோக்கினேன். வெட்டி ஒரு வாரம் கூட ஆகல. வெட்டின எடத்துல தொட்டா கையில தண்ணி ஒட்டுது. ரெண்டு வண்டி லோடு. ஒரே வண்டில ஏத்தணும்னு சொன்னாங்க. ஞான் முடியாதுன்னு சொல்லிட்டேன். பின்னே உங்க வண்டி போச்சுன்னு கேட்டப்ப நெஞ்சு அடைச்சுப் போச்சு."

"நீங்க எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேங்க?"

"உங்க வண்டி போகுதுன்னு எனக்கு யாரு சொன்னா? சொல்லியிருந்தாலும் நீங்க என் பேச்சைக் கேட்டிருப்பீங்களா சேச்சி?"



சட்டைப் பையிலிருந்து இரண்டு எடைச் சீட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். ரோட்டில் கிடந்த மரத்தை தேவராஜ் இரண்டு லாரிகளில் ஏற்றி, போக வேண்டிய அதே பிளைவுட் மில்லுக்கே அனுப்பியிருந்தார். மில்லில் எடை போடாமல் உள்ளே விட மாட்டார்கள். அங்கே மொய்துவுக்குத் தெரிந்த கிளார்க் இருந்தார். இரண்டு சீட்டையும் கூட்டினால் பதினாலு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. நாலு நாள் அலைந்து வாங்கியிருக்கிறார். செல்லமுத்து அண்ணன் அவருக்குச் சொந்தமா பந்தமா?

"என்னை நம்ப வேண்டாம் சேச்சி. சீட்டை நோக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார்.

7. பார்க்காமல் எழுதினீர்களா

முதலாளியிடம் சீட்டைக் காட்டினேன். அவர் கதவைச் சாத்தினார். "கௌசல்யா, ஓவர்லோடுன்னு வெளிய வந்தா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சுருவான். பர்மிட்டுக்கும் வம்பு. செத்தவன் திரும்பி வரப்போறதில்ல. மல்லிகாவுக்கு நான் ஏதாவது பாத்துச் செய்யறேன். இதைக் கிழிச்சுப் போடு." அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆறு லாரிக்கும் கடன் வைத்திருந்த மனிதர். ஆனால் கிழிக்கச் சொன்னார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சீட்டோடு வீட்டுக்குப் போனேன். பல வாரம் பீரோவுக்குள் வைத்திருந்தேன். தைரியசாலி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய், எல்.ஆர். எழுதி, பார்க்காத சரக்குக்கு எடை போட்டேன். ஒரு நாள் ஒரு உர லோடுக்கு எட்டு டன் என்று எழுதும்போது பேனா நகரவில்லை.  அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போனேன்.

இன்ஸ்பெக்டர் இரண்டு சீட்டையும் எல்.ஆரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்துதானுங்களே?"

"ஆமாங்க."

"லோடைப் பாக்காம எடை எழுதுனீங்களா?"

"ஆமாங்க. இருவத்திரண்டு வருசமா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். டிரைவர் கடைசியாக யாரோடு பேசினார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதோடு ஆபீஸில் என் வேலை போனது: மறுநாள் முதலாளி வர வேண்டாம் என்றார்.

கேஸ் மாறியது. நியூட்ரலில் வந்தார் என்பது போய், அளவுக்கு மீறிய பாரத்தால் பிரேக் பிடிக்கவில்லை என்றானது. தேவராஜைக் கைது செய்தார்கள், ஜாமீனில் வந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. அவர் இப்போது வேறு பெயரில் லோடு செயலியில் இருக்கிறார். நாலரை நட்சத்திரம். நட்சத்திரம் போட்டவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. உடனே போனை எடுக்கிறார், தேதிக்கு வாடகை தருகிறார், அன்பாகப் பேசுகிறார். முதலாளியின் அதே மூன்று கேள்விதான்.

8. காரமடை

வேலை போன மறுவாரம் காரமடைக்குப் போனேன். மல்லிகா தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். கேஸ் மாறிய விவரம் அவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரு பேரு மீண்டுச்சுங்க, அது போதும்" என்றார்.

அதோடு கிளம்பியிருக்கலாம். என்னைக் கும்பிட்டு அனுப்பியிருப்பார்.

"மல்லிகா, நான் ஒண்ணு சொல்லோணும்" என்றேன். "அன்னிக்குப் பத்தேகாலுக்கு அண்ணன் வண்டியை நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணினாரு. லோடு சாஸ்தின்னு சொன்னாரு. நான்தான் ஒண்ணுமில்ல, மெதுவா எறங்குங்கன்னு சொன்னேன். நான் சொன்னதுனாலதான் எறங்குனாரு."



"தெரியுமுங்க" என்றார் மல்லிகா. "போலீஸ்ல அவரு போனைத் திருப்பிக் குடுத்தப்பவே பாத்தேன். கடைசியா உங்ககூட ரெண்டு தடவை பேசியிருக்காரு. சும்மா வண்டியை நிறுத்திப் பேசற ஆளு இல்லீங்க அவரு. பதினாறாம் நாளு வந்தப்ப உங்க கையைப் புடிச்சுக் கேட்டேன் பாருங்க, நீங்களாச் சொல்லுவீங்களான்னுதான் கேட்டேன்."

நான் குடித்து வைத்த சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நானாகவே வெளியே வந்தேன்.

புரோக்கரை எப்படி நம்புவது என்று கேட்ட பிள்ளைகளுக்கு இதுதான் பதில். போனை எடுக்கிறானா, பணம் தருகிறானா என்பதெல்லாம் இருக்கட்டும். உனக்குப் பிடிக்காத சேதியை நீ கேட்பதற்கு முன்னால், தனக்கு நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை என்று, அவன் எப்போதாவது சொல்லியிருக்கிறானா என்று பார். மொய்து சொன்னார். அவருக்குத்தான் பெருக்கல் குறி போட்டு வைத்தேன். புரோக்கரை நாம் எடை போடுகிறோம். டிரைவருக்கு புரோக்கரைத் தெரியாது, அவர் நம்மைத்தான் நம்பி இறங்குகிறார். மல்லிகா என் கையைப் பிடித்துக் கேட்டதற்கு நான் பதில் சொல்லப் பத்து வாரம் ஆனது.